தூரிகையும் நிரலும்

“ஒன்று படம் வரை, இல்லையேல் கணிப்பொறி படி. இரண்டும் கூடி வராது.” கணிப்பொறி அறிவியல் வகுப்பில் நான் சேர்ந்தபோது வீட்டில் கூறிய அறிவுரை இது. நானும் வண்ணப் பெட்டியைப் பரண்மேல் ஏற்றிவிட்டேன். ஹெரால்டு கோஹன் என்பவரைப் பற்றிப் படித்த பிறகே அதைக் கீழே இறக்க மனம் வந்தது.

கோஹன் 1928-இல் இலண்டனில் பிறந்த ஓவியர். 1966-இல் வெனிஸ் நகரின் கலைக் காட்சியில் பிரிட்டனின் சார்பில் இடம்பெற்றவர். 1968-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்திற்குச் சென்று, நாற்பது வயதில் நிரல் எழுதக் கற்றார். அங்கே அவர் உருவாக்கிய படம் வரையும் நிரலின் பெயர் ‘ஆரன்’. 2016-இல் மறையும் வரை அதைச் செப்பனிட்டுக்கொண்டே இருந்தார்.

இன்று படம் ஆக்கித் தரும் மென்பொருள்கள் எண்ணற்ற படங்களிலிருந்து பயின்றவை. ஆரனுக்குத் தரப்பட்டவையோ விதிகள் மட்டுமே. மூடிய உருவம் எது, திறந்த உருவம் எது, ஒன்றின் முன் மற்றொன்று நின்றால் பின்னதன் கோடு எங்கே நிற்க வேண்டும் என்பன போன்ற விதிகள். 1980-களில் மனித உடலின் அமைப்பையும் சொல்லிக்கொடுத்தார். வரையும்போது நாம் இவற்றையெல்லாம் எண்ணிப் பார்க்கிறோமா? கை தானே செய்துவிடுகிறது. கை அறிந்ததை அவர் வாக்கியமாக்க வேண்டியிருந்தது.

வண்ணந்தான் அவரை மிகவும் அலைக்கழித்தது. பல்லாண்டுகள் ஆரன் கோடு போடும். கோஹன் தம் கையால் வண்ணம் தீட்டுவார். ஓவியன் பார்த்துப் பார்த்துக் கலக்கிறான். ஆரனுக்குக் கண் இல்லையே! சி மொழியை விட்டு லிஸ்ப் மொழிக்கு மாறினார். நிறத்தைவிட அதன் ஒளிர்வே முதன்மை என்று விதி வகுத்தார். 1995-இல் பாஸ்டன் கணிப்பொறி அருங்காட்சியகத்தில் ஆரன் தானே வண்ணமும் தீட்டியது.

எனக்கும் ஆசை பிறந்தது. நான் அறிந்த ஓவியம் வாசலில் இருக்கிறது. கோலத்தைக் கணிப்பொறி இலக்கணத்துள் அடக்கி கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1974-இலேயே ஆய்வுக் கட்டுரை எழுதியுள்ளனர். என் நிரல் அவ்வளவு பெரியதன்று. புள்ளிகளுக்கிடையே சாய்வாகச் செல்லும் இழை ஓரத்தை அடைந்ததும் திரும்ப வேண்டும், அவ்வளவே.

5 புள்ளி, 5 வரிசை கொடுத்தேன். இழை ஒரு சுற்று வந்து மூடிக்கொண்டது, கோலம் முடியவில்லை. பிழை எங்கே என்று இரண்டு நாள் தேடினேன். அம்மா பார்த்துவிட்டு, “அஞ்சுக்கு அஞ்சு ஒரே இழையா வராதும்மா. அஞ்சு தடவை கையை எடுக்கணும். ஒரு வரிசையைக் குறைச்சுப் பாரு” என்றார். 5-க்கு 4 கொடுத்தேன். ஒரே இழையில் முடிந்தது! பிறகுதான் கணக்குப் புரிந்தது. இரண்டு எண்களின் மீப்பெரு பொது வகுத்தி எதுவோ, அத்தனை இழைகள். 6-க்கு 4 என்றால் இரண்டு.

ஆனால் அம்மா 5-க்கு 5-ஐயும் ஒரே இழையில் போடுகிறார். நடுவே சில இடங்களில் இழையைக் குறுக்காமல் மடக்கி விடுகிறார். எந்த இடத்தில் மடக்குவது என்று கேட்டால், “கை போற இடந்தான்” என்கிறார். இப்போது விடியற்காலையில் நோட்டுப் புத்தகத்துடன் வாசற்படியில் உட்கார்ந்து அந்த இடங்களைக் குறித்து வருகிறேன். பதினோரு கோலங்கள் ஆயின. விதி இன்னும் பிடிபடவில்லை.