வியூஸ் வந்தால் ரசிகர் வந்துவிடுவாரா?

மொன்ட்ரியாலின் மொன்ட்ரியால்-நோர் பகுதியில் பாட்டுக் கட்டுகிற, ராப் செய்கிற தமிழ்ப் பிள்ளைகளிடம் பேச்சுக் கொடுத்தால் எல்லோரும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள்: "ஒரு பாட்டு வைரலானாப் போதும் அண்ணா, மிச்சமெல்லாம் தானா வரும்." கேட்டுக் கேட்டுப் பொறுமை போய்விட்டது. மேடைகளுக்கு ஒலி அமைப்பது என் தொழில். எந்தப் பாடகருக்கு எந்தக் கூட்டம் திரும்ப வருகிறது என்பதை மிக்சருக்குப் பின்னால் நின்று பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

நம்பிக்கை: ஒரு பாட்டு வைரலானால் ரசிகர் கூட்டம் தானாகச் சேரும்.

உண்மை: சேராது. வைரலான அந்த இருபது வினாடி வரும்போது அரங்கெங்கும் ஃபோன்கள் உயரும், முடிந்ததும் இறங்கிவிடும். அடுத்த பாட்டுக்குள் பாதிப் பேர் வாசலில் நிற்பார்கள். அதே அரங்கில், இணையத்தில் பெயரே தெரியாத ஒருவர் பாடும்போது முன்வரிசை அவருடைய சரணத்தைச் சேர்ந்து பாடுவதையும் பார்த்திருக்கிறேன். குரலின் ஃபேடரை நான் இறக்கினாலும் அந்த வரி அறுபடாது. இந்த இரண்டாவது கூட்டம்தான் அடுத்த முறையும் டிக்கெட் வாங்கும்.

ரசிகர் வராவிட்டாலும் காசாவது வருமா? 'எஞ்சாய் எஞ்சாமி' பாட்டை விடப் பெரிய வைரலை நம்மில் யார் கண்டோம்? 2021 மார்ச்சில் வந்தது, கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள். மூன்று வருடம் கழித்து, 2024 மார்ச்சில், அந்தப் பாட்டால் தனக்கோ, அதைப் பாடிய தீக்கோ அறிவுக்கோ ஒரு காசும் வரவில்லை என்று இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் பகிரங்கமாகச் சொன்னார். பெயர் பெற்ற கலைஞர்களுக்கே இந்த நிலை என்றால், அறைக்குள் மைக் வைத்துப் பாடும் தம்பி எந்தத் துணிவில் வியூஸை மட்டும் நம்பி இருக்கிறார்?

கணக்கையும் பாருங்கள். ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டை ஆயிரம் முறை கேட்டால் மூன்று நான்கு டாலர் தேறும் என்பதுதான் துறையில் பொதுவாகப் போடும் கணக்கு. 2024 முதல், பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் முறைகூடக் கேட்கப்படாத பாட்டின் ஒலிப்பதிவுக்கு அந்தத் தொகையும் கிடையாது. இசை விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் ஒரே ஒருவர் பத்து டாலருக்கு டிஜிட்டல் ஆல்பம் வாங்கினால், தளம் எடுப்பது 15 சதவீதம். பணப் பரிமாற்றக் கட்டணமும் போக மீதி உங்களுக்கு. அந்த ஒருவரின் மின்னஞ்சலும் உங்கள் கைக்கு வரும். அடுத்த நிகழ்ச்சிக்கு அவரை நேரே அழைக்கலாம். வியூஸில் வந்தவரை எங்கே தேடுவீர்கள்?

இதைவிட மோசம், காசு கொடுத்து வியூஸ் வாங்குவது. தயவுசெய்து நிறுத்துங்கள். போலியாக ஓடவிட்ட பாட்டுகளுக்கு ஸ்பாட்டிஃபை விநியோக நிறுவனங்களிடம் அபராதம் வாங்குகிறது. அவர்கள் அதை உங்கள் தலையில் கட்டுவார்கள், பாட்டையும் தூக்கிவிடலாம். இசைக்கருவிக்குச் சேர்த்த காசை இதில் கொட்டுவது முட்டாள்தனம்.

நம்பிக்கை: தினமும் எதையாவது பதிவிடாவிட்டால் ரசிகர்கள் மறந்துவிடுவார்கள்.

உண்மை: இதே மொன்ட்ரியாலின் 'காட்ஸ்பீட் யூ! பிளாக் எம்பரர்' குழு 1997-இல் தன் முதல் இசைத்தட்டைக் கைவேலை உறையில் போட்டு, உள்ளே ரயில் நசுக்கிய ஒரு செப்புக் காசையும் வைத்துக் கொடுத்தது. 2003-இல் ஓய்வெடுத்து 2010-இல்தான் மேடைக்குத் திரும்பியது. கூட்டம் காத்திருந்தது, 2013-இல் கனடாவின் பொலாரிஸ் இசைப் பரிசும் வந்தது. கையில் வைத்துப் பார்க்க ஏதோ ஒன்றைக் கொடுத்தவர்களை மக்கள் மறப்பதில்லை.

நம்பிக்கை: தமிழில் பாடுவதென்றால் டொராண்டோவுக்குப் போக வேண்டும்.

உண்மை: வேண்டியதில்லை. பக்கத்து சென்-மிஷேலின் மூசியோன் குழு 1999-இலேயே பிரெஞ்சையும் ஹெயிட்டிக் கிரியோலையும் கலந்து ராப் ஆல்பம் போட்டது. கிரியோல் தெரியாத வீடுகளிலும் அது ஒலித்தது. நம் மொழிக்கு என்ன குறை?

நம்பிக்கை: இலவசமாகப் பாடினால் பெயர் வரும்; பெயர் வந்தால் காசு வரும்.

உண்மை: இலவசமாகப் பாடுகிறவரை அடுத்த முறையும் இலவசமாகவே கூப்பிடுவார்கள். சொந்தப் பாட்டை மேடையில் பாடினால் பாடல் பட்டியலை, இசை உரிமைத்தொகையைத் திரட்டித் தரும் அமைப்பான சோகானுக்கு அனுப்புங்கள். தகுதியுள்ள நிகழ்ச்சிகளுக்கு அவர்கள் உரிமைத்தொகை தருகிறார்கள். பாதிப் பேர் அந்தப் படிவத்தைத் திறப்பதே இல்லை. சோம்பலுக்கு விதி என்று பெயர் வைக்காதீர்கள்.

அப்படியானால் எங்கே தொடங்குவது? வீட்டுக்குப் பக்கத்தில். மொன்ட்ரியால்-நோருக்கு மெட்ரோ இல்லை. வெளியே போய் வருவது சிரமம் என்பதால், அக்கம்பக்கத்தில் நல்ல நிகழ்ச்சி நடந்தால் வருகிறவர்கள் இங்கே நிறைய. ரோலான் பூல்வாரில் உள்ள பண்பாட்டு மன்றம் நகரம் நடத்தும் 'அக்ஸே கூல்த்யூர்' வலையமைப்பின் அரங்குகளில் ஒன்று. இவை கலைஞருக்குச் சம்பளம் கொடுத்து, மக்களை இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ அழைக்கின்றன. விண்ணப்பியுங்கள். நிகழ்ச்சி முடிந்ததும் மேடைக்குப் பின்னால் ஒளியாமல் வாசலுக்கு வாருங்கள். ஒரு மேசை, ஒரு பெயர்ப் பட்டியல், ஒரு பேனா போதும். மின்னஞ்சல் எழுதித் தந்தவர்களுக்கு அடுத்த பாட்டை முதலில் அனுப்புங்கள். வருகிறவரின் பெயரை நினைவில் வையுங்கள்.

கடைசியாக, நம் ஊர்த் தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு வார்த்தை. சென்னையிலிருந்து சினிமாப் பாடகரை அழைத்துக் காசைக் கொட்டுகிறீர்கள். அதே மேடையில் இங்கே வளர்ந்த பிள்ளையை, கூட்டம் வந்து சேருவதற்கு முன்னால், சம்பளமில்லாமல், "ஒரு சினிமாப் பாட்டு பாடு" என்று ஏற்றி இறக்குகிறீர்கள். ஒலிச்சோதனைக்குக்கூட அவருக்கு நேரம் தருவதில்லை. இது அநியாயம். ஒவ்வொரு விழாவிலும் அரங்கு நிறைந்த நேரத்தில் அரை மணி நேரம் உள்ளூர்க் கலைஞருக்கு ஒதுக்குங்கள். சொந்தப் பாட்டு பாடச் சொல்லுங்கள். சம்பளத்தைப் பேசிவிட்டே மேடை ஏற்றுங்கள். சங்கங்கள் இதைச் செய்யாவிட்டால், டிக்கெட் வாங்குகிற நாம் கேட்டு வாங்க வேண்டும்.