விரலுக்குத் தகுந்த வீக்கம்



கோடை விடுமுறையில் நம் பள்ளியில் ஒளிப்படக் கலைக்கான தொடக்கப் பயிற்சி நடைபெறும் என்ற அறிவிப்பைக் கண்டதும் நாங்கள் ஐவரும் துள்ளிக் குதித்தோம். ஆனால் அதன் கடைசி வரி எங்கள் மகிழ்ச்சியைப் பாதியாக்கியது. கைப்பேசி கூடாது, பிலிம் சுருள் இட்டு, ஒளியையும் நேரத்தையும் கையாலேயே அமைக்கும் காமிரா வேண்டும் என்று எழுதியிருந்தது. அன்று மாலையே எங்களில் ஒருத்தி, “நீங்கள் சேருங்கள், எனக்கு இதில் விருப்பம் இல்லை” என்றாள். விலையை எண்ணித்தான் அவள் அப்படிச் சொன்னாள் என்பது எங்களுக்குத் தெரியும். (அவள் சம்மதத்துடனேயே இதை எழுதுகிறோம்.)

சிஸ்டரிடம் போய்ச் சொன்னோம். “ஐவருக்கு ஒரு காமிரா போதாதா?” என்று கேட்டார்கள். உடனே வழி பிறந்தது. ஒவ்வொருவரும் தம்மால் இயன்றதைப் பெயர் எழுதாத உறையில் இட்டோம். எண்ணிப் பார்த்தபோது 6,500 ரூபாய் சேர்ந்திருந்தது.

இந்தப் பணத்திற்குள் எதை வாங்குவது? அதற்குமுன், காமிரா எப்படி வேலை செய்கிறது என்பதை அறிந்துகொள்ள வேண்டும் அல்லவா?

காமிரா என்பது ஓர் இருட்டுப் பெட்டி. பிலிமில் விழும் ஒளியின் அளவை இரண்டு கதவுகள் தீர்மானிக்கின்றன. ஒன்று, லென்ஸில் உள்ள துவாரம். மற்றது, ஷட்டர் திறந்திருக்கும் நேரம். குழாயைப் பெரிதாகத் திறந்தால் குடம் விரைவில் நிறையும். சிறிதாகத் திறந்தால் நேரம் பிடிக்கும். அதுபோலவே இதுவும். துவாரத்தின் எண் சிறியதானால் துவாரம் பெரிது. எஃப் 16, 1/125 விநாடி என்று எடுப்பதும், எஃப் 11, 1/250 விநாடி என்று எடுப்பதும், எஃப் 8, 1/500 விநாடி என்று எடுப்பதும் ஒரே அளவு ஒளியைத்தான் தருகின்றன. இதைக் கையால் மாற்றிப் பழகுவதே பயிற்சியின் முதற்பாடம்.

எனவே எல்லாக் காமிராவும் மாணவிக்கு உதவாது. நம் தாத்தா பாட்டி வீடுகளில் இருந்த ஆக்ஃபா கிளிக் III எளிய கருவி. 120 பிலிமில் 12 சதுரப் படங்கள் எடுக்கும். ஆனால் அதில் ஷட்டர் வேகத்தை மாற்ற இயலாது. 1976இல் வந்த கானன் ஏ.இ.-1 நல்ல காமிராதான். ஆயினும் பாட்டரி தீர்ந்தால் அதன் ஷட்டர் இயங்காது. அதே ஆண்டில் வந்து 1997 வரை தயாரிக்கப்பட்ட பென்டாக்ஸ் கே1000இல் ஷட்டர் முழுவதும் இயந்திரத்தாலேயே இயங்குகிறது. பாட்டரி ஒளிமானிக்கு மட்டுமே. பல நாடுகளில் மாணவர்கள் அதைக் கொண்டே கற்றார்கள். எங்கள் பணத்திற்கு அது எட்டவில்லை. ஆனால் எந்த வகையைத் தேடவேண்டும் என்று அது கற்பித்தது: 35 மி.மீ. பிலிம், இயந்திர ஷட்டர், 50 மி.மீ. லென்ஸ். பெயர் எதுவாயினும் சரி.

முதலில் பார்த்த காமிரா புதிதுபோல் பளபளத்தது. நாங்கள் மயங்கியே போனோம். சிஸ்டர் சொல்லியிருந்தபடி பின்கதவைத் திறந்து, 1 விநாடிக்கும் 1/500 விநாடிக்கும் ஷட்டரை இயக்கிப் பார்த்தோம். இரண்டும் ஒரே ஓசை! மின்னுவதெல்லாம் பொன்னல்ல என்று வணக்கம் சொல்லித் திரும்பினோம். இரண்டாவது காமிராவின் தோல் உரிந்திருந்தது. ஒளிமானியும் வேலை செய்யவில்லை. ஆனால் ஷட்டர் ஒவ்வொரு வேகத்திலும் வேறுவேறாக ஒலித்தது. 4,000 ரூபாய்க்கு அதையே வாங்கினோம்.

பழைய காமிரா வாங்கும் தோழியர் இவற்றையும் கவனிக்க வேண்டும். லென்ஸை வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துப் பாருங்கள்; சிலந்திவலை போன்ற இழைகள் தெரிந்தால் அது பூசணம். பாட்டரி வைக்கும் இடத்தில் பச்சைக் களிம்பு இருக்கக்கூடாது. பின்கதவின் ஓரத்திலுள்ள பஞ்சுப் பட்டை பிசுபிசுத்து உதிர்ந்தால் ஒளி கசிந்து படம் கெடும். அதைக் குறைந்த செலவில் மாற்றிவிடலாம்.

ஒளிமானி இல்லாமல் எப்படி எடுத்தீர்கள் என்று கேட்பீர்கள். அதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஐ.எஸ்.ஓ. 100 பிலிமுக்கு ஷட்டரை 1/125 விநாடியில் வையுங்கள். நல்ல வெயிலில் எஃப் 16. நிழலின் ஓரம் மங்கினால் எஃப் 11. நிழலே விழாத மேகமூட்டத்தில் எஃப் 8. திறந்தவெளி மர நிழலில் எஃப் 4. இதை வாய்ப்பாடுபோல் மனப்பாடம் செய்துகொண்டோம். பழுதான ஒளிமானியே எங்களை வானத்தைப் பார்க்கப் பழக்கியது எனலாம்.

இன்னொன்றையும் மறக்கலாகாது. காமிராவுக்குச் செலவு ஒரு முறை. பிலிமுக்கோ ஒவ்வொரு முறையும். நம் உதகமண்டலத்தில் 1960இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை ஒரு காலத்தில் ‘இந்து’ பிலிமைத் தந்தது. இன்று அது மூடப்பட்டுவிட்டது. வெளிநாட்டிலிருந்து வரும் சுருளை நம்பியே இருக்கிறோம். ஆகவே கையிலுள்ள பணம் முழுவதையும் காமிராவிலேயே போட்டுவிடாதீர்கள். எங்களிடம் எஞ்சிய 2,500 ரூபாய் இரண்டு சுருள்களுக்கும் அவற்றைக் கழுவுவதற்கும் உதவியது.

இந்தியாவின் முதல் பெண் பத்திரிகை ஒளிப்படக் கலைஞரான ஹோமாய் வியாரவாலா, 2011இல் பத்ம விபூஷண் விருது பெற்றவர், பிலிம் காமிராக்களைக் கொண்டே தம் நாளின் வரலாற்றைப் பதிவு செய்தார். ஒரு நொடியில் நூறு படம் எடுக்கும் வசதி அவருக்கு இல்லை. பார்த்து, பொறுத்து, பிறகே அழுத்த வேண்டியிருந்தது.

முதற் சுருளில் 36 படங்கள். ஆளுக்கு 7 எடுத்தபின் ஒன்று மிஞ்சியது. அதை, விருப்பம் இல்லை என்று சொன்ன தோழியிடமே கொடுத்தோம். அவள் வீட்டுச் சன்னலோரம் தையல் இயந்திரத்தில் குனிந்திருந்த தன் அம்மாவை எடுத்தாள். எஃப் 2, 1/60 விநாடி. கழுவி வந்தபோது எங்கள் படங்களில் ஏழு கெட்டுப் போயிருந்தன. அவள் எடுத்த அந்தக் கடைசிப் படமோ தெளிவாக இருந்தது. அம்மாவின் விரலில் இருந்த நூல்கூடத் தெரிந்தது.

விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்பர் பெரியோர். தோழியரே, காமிரா வாங்கும்போது நம் பையின் அளவைப் பார்ப்போம். பக்கத்தில் நிற்பவளின் பையையும் சேர்த்தே பார்ப்போம்.

— பத்தாம் வகுப்பு மாணவி