பேதியும் குடல் விஷமும்

பேரையூர் போன்ற மானாவாரிச் சீமையில், கோடையில் வற்றிய ஊருணியும் கிணறும் முதல் மழையில் கலங்கும்போது பேதி நோய் பரவுதல் எளிது. பேதி கண்ட குழந்தைக்குத் தண்ணீர் கொடுத்தால் பேதி மிகும் என்று அஞ்சி, தாகத்தால் அழுதாலும் கொடாதிருக்கும் தாய்மாரும் உண்டு. இவ்வச்சம் உயிருக்கே கேடாவது எங்ஙனம் என்பதை அறிதல் நலம்.

வாந்திபேதியை விளைவிப்பது வளைந்த உருவமுள்ள ஒரு கிருமி. 1884-ஆம் வருஷத்தில் ராபர்ட் கோக் என்னும் ஜெர்மானிய வைத்தியர் கல்கத்தாவில் இதனைப் பிரித்தெடுத்தார். 1959-ல் அந்நகரத்து டாக்டர் சம்புநாத் டே, கிருமிகளை வடிகட்டி நீக்கிய திரவத்தை முயலின் குடலிற் செலுத்தினார். கிருமி இல்லாதிருந்தும் குடலில் ஜலம் நிரம்பிற்று. ஆகவே தீங்கு செய்வது கிருமி கக்கும் விஷமே என்பது தெளிவாயிற்று.

இவ்விஷம் குடற்சுவரைப் புண்படுத்துவதில்லை. சுவரிலுள்ள நுண்ணணுக்களுட் புகுந்து, உப்பை வெளிவிடும் மடையைத் திறந்தபடியே நிறுத்திவிடுகிறது. உப்புச் செல்லுமிடத்திற்கு ஜலமும் செல்லும். இரத்தத்திலுள்ள ஜலமே குடலிற் பாய்ந்து, அரிசி கழுநீர் போலக் கழிகிறது. நோய் கடுமையாயின், வளர்ந்தவர் மணிக்கு 1 லிட்டர் வரையும் இழப்பதுண்டு. உயிரைப் போக்குவது இந்த ஜலநஷ்டமே.

ஆனால் மற்றொரு மடையை இவ்விஷம் கெடுப்பதில்லை. சர்க்கரையும் உப்பும் சேர்ந்து வந்தால் குடல் அவற்றை உள்ளே வாங்கிக்கொள்ளும். ஜலமும் உடன் செல்லும். 1971-ல் வங்காளத்துப் பங்காவ்ன் அகதி முகாமில், ஊசிவழி ஏற்றும் திரவம் போதாமற் போகவே, டாக்டர் திலீப் மகலனாபிஸ் இக்கலவையைக் குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு 30 அளவிலிருந்த மரணம் 4-க்கும் கீழே இறங்கிற்று.

1992-ஆம் வருஷக் கடைசியில் சென்னையிலும் மதுரையிலும் ஓ139 என்னும் புதிய வாந்திபேதிக் கிருமி தோன்றியது. அதன் மேலுறை வேறு, விஷமோ பழையதே. ஆதலின் சிகிச்சையும் பழையதே.

காய்ச்சி ஆறிய 1 லிட்டர் ஜலத்தில், தலை தட்டிய தேக்கரண்டியால் 6 கரண்டி சர்க்கரையும் அரைக் கரண்டி உப்பும் கரைக்கவேண்டும். உப்பு மிகலாகாது. ஒவ்வொரு பேதிக்குப் பின்னும் சிறிது சிறிதாகப் புகட்டுக. வாந்தியெடுத்தால் 10 நிமிஷம் பொறுத்து மீண்டும் கொடுக்கலாம். தாய்ப்பாலை நிறுத்தலாகாது. ஒருநாள் கழிந்த கலவையைக் கொட்டிவிடுக. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும் பொட்டலம் இதனினும் சிறந்தது.

கண் குழிந்து, சிறுநீர் குறைந்து, குழந்தை சோர்ந்தாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்க. வழியிலும் கலவையைப் புகட்டுக. பேதி உடனே நில்லாவிடினும், இழந்த ஜலம் திரும்பச் சேருமாயின் உயிர் நிற்கும்.