ஃபீஸ் கட்டிய பிறகு யார் கூப்பிடுவார்கள்?

அன்புள்ள சகோதரிக்கு,

இரும்புலியூரிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று பகல் பதினோரு மணிக்குள் ஏழு போன் வந்ததாம். மூன்றாவதாகப் பேசிய பெண் உங்கள் மகளின் பெயரைச் சொன்னார், பள்ளியைச் சொன்னார், குரூப்பைச் சொன்னார். “பயோ மேத்ஸ்தானே அம்மா, எங்ககிட்ட பயோமெடிக்கல் இருக்கு” என்றதும் உங்களுக்குக் கை நடுங்கிவிட்டது. “இதெல்லாம் அவங்களுக்கு யார் சொன்னது?” என்று கேட்டிருந்தீர்கள். அதற்குக் கீழே, பேனாவைக் கொஞ்சம் அழுத்தி, இன்னொரு கேள்வி: “இவ்வளவு அக்கறையா விசாரிக்கிறாங்களே, இந்த காலேஜ்லயே சேர்த்துடலாமா?”

முதல் கேள்விக்குப் பதில் சுலபம். நான் உட்கார்ந்து எழுதுவது இரண்டாவது கேள்விக்காக.

உங்கள் பக்கத்துத் தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் பல வருடம் கணக்குப் பாடம் எடுத்தவன் நான். கல்லூரியின் பெயர் வேண்டாம். மே, ஜூன் வந்தால் எங்களில் சிலரை அட்மிஷன் வேலைக்குப் போடுவார்கள். ஒரு ஹெட்போன், ஒரு கம்ப்யூட்டர். அந்தத் திரையில்தான் உங்கள் மகளைப் போன்ற பிள்ளைகள் வரிசையாக வருவார்கள். அங்கே அவர்களுக்கு மாணவர் என்ற பெயர் கிடையாது. ‘லீட்’ என்பார்கள். “இன்னைக்கு எத்தனை லீட் பேசினீங்க?” என்றுதான் சாயங்காலம் கேட்பார்கள்.

ஒரு வரியைத் தொட்டால் ஒரு பக்கம் திறக்கும். பெயர், போன் நம்பர், ஊர், மார்க். இந்த நம்பர் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு கட்டம்: கண்காட்சி, பேப்பர் விளம்பரம், வெப்சைட். உங்கள் மகள் எப்போதாவது ‘உங்கள் கட்-ஆஃபுக்கு எந்தக் கல்லூரி கிடைக்கும்’ என்று ஒரு தளத்தில் போய்த் தேடியிருப்பாள், அல்லது கல்விக் கண்காட்சி வாசலில் பைக்கும் பேனாவுக்கும் ஒரு படிவம் நிரப்பியிருப்பாள். ஒரே படிவம் பல கல்லூரிகளுக்குப் போகும். நம்பருக்கு இவ்வளவு என்று விலை உண்டு. யாரும் உங்கள் வீட்டை வேவு பார்க்கவில்லை. நாமே கொடுத்ததுதான், கொடுக்கிறோம் என்று தெரியாமல்.

அதற்கடுத்த கட்டம் நிலைமை. புதிது, பேசியாச்சு, யோசிக்கிறார்கள், கேம்பஸ் பார்த்தார்கள், ஃபீஸ் கட்டியாச்சு. கடைசியாகக் குறிப்பு. “அப்பா துபாயில். முடிவு மாமா கையில். ஹாஸ்டல் சாப்பாடு பற்றிக் கேட்டார். வியாழன் நாலரைக்குத் திரும்பப் பேசவும்.” வியாழன் நாலரைக்குத் திரையில் மணி அடிக்கும். “அம்மா, மாமாகிட்ட பேசினீங்களா?” என்று ஆரம்பிப்போம். எதிர்முனையில் இருக்கும் தாய்க்கு எப்படி இருக்கும், சொல்லுங்கள். நம் வீட்டு விஷயத்தை ஞாபகம் வைத்துக் கேட்கிறார்களே என்று நெகிழ்ந்துபோவார். ஞாபகம் வைத்திருந்தது மெஷின்.

இதற்கு சி.ஆர்.எம். என்று பெயர். வாடிக்கையாளர் உறவைப் பேணும் மென்பொருள் என்று சொல்லலாம். வீடு, கார், இன்சூரன்ஸ் விற்பவர்களுக்காக வந்தது. அமெரிக்காவின் சேல்ஸ்ஃபோர்ஸ் இதில் பெரிய பெயர். நம் ஊர்களில் பெங்களூருவின் லீட்ஸ்க்வேர்ட், கல்லூரி அட்மிஷனையே தொழிலாகக் கொண்ட மெரிட்டோ போன்றவை ஓடுகின்றன. வண்டலூர், பொத்தேரி வரை ஜி.எஸ்.டி. சாலையில் காலை ஏழு மணிக்கு எத்தனை கல்லூரி பஸ் போகிறது என்று நீங்களே பார்க்கிறீர்கள். அத்தனை சீட்டும் நிரம்பவேண்டுமே.

எனக்கு இந்த மென்பொருள் மேல் கோபமில்லை. அது எந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்பதில்தான் கோபம். அதைச் சொல்ல ஒரு பையனைப் பற்றி எழுதவேண்டும்.

முதல் வருடப் பையன். ஆகஸ்டில் பதினோரு நாள் வரவில்லை. அட்டெண்டென்ஸ் ஒரு கம்ப்யூட்டரில், ஃபீஸ் கணக்கு வேறொன்றில், அட்மிஷன் குறிப்பு மூன்றாவதில். ஒன்றுக்கொன்று பேசாது. வீட்டு நம்பருக்காக அட்மிஷன் ஆபீசுக்குப் போய் அவன் பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். ஜூனில் எழுதிய குறிப்பு அப்படியே இருந்தது: “தமிழ் மீடியம். அப்பா பெயின்டர். வீட்டில் முதல் பட்டதாரி. இங்கிலீஷ் வராதே என்று அம்மா பயப்படுகிறார். ஸ்பெஷல் கிளாஸ் உண்டு என்று சொல்லியிருக்கிறோம்.” அந்த ஜூன் மாதத்தில் மட்டும் ஆறு முறை கூப்பிட்டிருந்தார்கள். ஃபீஸ் கட்டிய நாளில் வரி பச்சையாகிவிட்டது. அதற்குப் பிறகு ஒரு போன்கூட இல்லை. ஸ்பெஷல் கிளாஸ் பற்றி எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

நான் கூப்பிட்டேன். அப்பா சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு முறிந்து படுத்திருந்தார். பையன் ஒரு குடோனில் ராத்திரி ஷிப்ட். “நீங்களாவது கூப்பிட்டீங்களே சார்” என்றார் அம்மா. திரும்ப வந்தான். முன் பெஞ்சில் உட்கார்ந்து தூங்கி வழிவான், எழுப்பினால் எழுந்து நோட்டை எழுதுவான். நவம்பரில் இரண்டாவது தவணை பாக்கி என்று ஹால் டிக்கெட்டை நிறுத்தினார்கள். பாக்கியை ஞாபகப்படுத்தும் எஸ்.எம்.எஸ். மட்டும் தவறாமல் போனது. அவன் அதற்குப் பிறகு வரவில்லை. அவன் பக்கத்தில் இருந்த குறிப்பை அவன் சேர்ந்த அன்றே நான் படித்திருந்தால் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

இதே கருவியை வேறு மாதிரியும் பிடிக்கலாம். அமெரிக்காவில் அட்லாண்டா நகரில் ஜார்ஜியா ஸ்டேட் என்றொரு அரசுப் பல்கலைக்கழகம். ஏழைப் பிள்ளைகளும் வீட்டில் முதலாவதாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகளும் நிறைய. 2012 முதல், மாணவர் தடுமாறுவதைக் காட்டும் சுமார் 800 அறிகுறிகளை அங்கே மென்பொருள் கவனிக்கிறது. ஒன்று தெரிந்தாலும் ஆலோசகரின் திரைக்கு வரும், அவர் பிள்ளையைக் கூப்பிட்டுப் பேசுவார். மெஷினை மட்டும் வாங்கிவிட்டு நிற்கவில்லை, பேசுவதற்கு ஆட்களையும் கூடுதலாக வேலைக்கு எடுத்தார்கள். கொஞ்சம் பாக்கிக்காக எத்தனையோ பேர் படிப்பை விட்டுப்போவதைக் கண்டு, கேட்காமலேயே சிறு உதவித்தொகையை மாணவர் கணக்கில் போட்டார்கள். நம் பையனுக்கு எஸ்.எம்.எஸ். போன இடத்தில் அங்கே பணம் போயிருக்கலாம்.

எல்லாம் அங்கே நல்லது என்றும் சொல்லமாட்டேன். 2015இல் மேரிலாந்தில் மவுன்ட் செயின்ட் மேரிஸ் என்ற பல்கலைக்கழகத்தில், புதிதாகச் சேர்ந்தவர்களிடம் ஒரு கேள்வித்தாள் கொடுத்து, யார் தேறமாட்டார்கள் என்று கண்டுபிடித்து, மாணவர் எண்ணிக்கைக் கணக்கெடுப்புத் தேதிக்கு முன்பே அவர்களை வெளியே அனுப்பத் திட்டமிட்டார் தலைவர். கடைசிவரை படித்தவர்கள் சதவீதம் உயர்ந்து தெரியுமாம். மாணவர் பத்திரிகை அதை வெளியிட்டது. தலைவர் பதவி விலகவேண்டியதாயிற்று. தடுமாறும் பிள்ளையைக் கண்டுபிடிக்கும் பட்டியல், கையைப் பிடிக்கவும் உதவும், வாசலைக் காட்டவும் உதவும்.

நம் ஊரிலும் நல்ல உதாரணம் இருக்கிறது. பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் என்ற மாணவர் விவரப் பட்டியலை வைத்து, பிளஸ் டூ முடித்தும் எங்கும் சேராத பிள்ளைகளைத் தேடிப்பிடித்து ‘உயர்வுக்குப் படி’ முகாம்களுக்கு அழைத்துவருகிறார்கள். வருமானச் சான்றிதழ், கல்விக் கடன், கல்லூரி இடம் எல்லாம் அங்கேயே. சேர்ந்தபின் ‘புதுமைப் பெண்’ பணம் மாதம் ஆயிரம், படிக்கும் வரைக்கும் வருகிறது. உங்கள் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்றால் அதை விட்டுவிடாதீர்கள்.

உங்கள் பக்கத்திலேயே கிறித்துவக் கல்லூரி இருக்கிறது. 1937இல் ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்தின் காட்டுக்கு வந்தபோதே, சேலையூர் ஹால், செயின்ட் தாமஸ் ஹால், பிஷப் ஹீபர் ஹால் என்று பிரித்து, ஆசிரியரையே வார்டனாக வைத்தார்கள். ராத்திரி எந்த அறையில் விளக்கு எரியவில்லை என்று பார்க்க ஒரு மனிதர் இருந்தார். இன்று ஆயிரக்கணக்கான பிள்ளைகள் பஸ்ஸில் வந்து பஸ்ஸில் போகும் கல்லூரிகளில் அந்தக் கண்ணுக்குப் பதிலாக ஏதாவது வேண்டும். மென்பொருள் அந்த வேலையைச் செய்யட்டும் என்றுதான் ஆசைப்படுகிறேன்.

ஆகவே, அந்தப் பெண் மறுபடி கூப்பிட்டால் கோபிக்காதீர்கள். அவருக்கும் டார்கெட் உண்டு, அவரும் யாரோ வீட்டுப் பெண். இதைக் கேளுங்கள்: ஒரு மென்ட்டரிடம் எத்தனை பிள்ளைகள்? என் மகள் மூன்று நாள் தொடர்ந்து வரவில்லை என்றால் எனக்கு யார் போன் செய்வார்கள்? எஸ்.எம்.எஸ். வேண்டாம், ஆள் பேசவேண்டும். தவணை தாமதமானால் ஹால் டிக்கெட்டை நிறுத்துவீர்களா? எங்களைப் பற்றி நீங்கள் எழுதிவைத்திருப்பதை அவளுடைய வகுப்பு ஆசிரியர் படிப்பாரா, நான் படிக்கலாமா? பதிலை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், தேதியோடு. அவர்கள் உங்களைப் பற்றி எழுதும்போது நீங்களும் எழுதலாம். கேம்பஸ் பார்க்கப் போகும்போது அட்மிஷன் கவுண்டரோடு நிற்காமல், இரண்டாம் வருடப் பெண்களிடம் கேன்டீனில் இதே கேள்விகளைக் கேளுங்கள்.

இன்னொன்று. மகளுக்கு அக்டோபரில்தான் 18 நிறைகிறது என்று எழுதியிருந்தீர்கள். 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவர்களைக் குழந்தைகள் என்கிறது. அவர்கள் விவரத்தை வாங்கிப் பயன்படுத்தப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளிவந்தன, முழுதாக நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். கல்வி நிறுவனங்களுக்குச் சில விலக்குகளும் உண்டு. இருந்தாலும், “இந்த நம்பரை உங்கள் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்” என்று வேண்டாத ஆறு கல்லூரிகளிடமும் தைரியமாகச் சொல்லலாம். தொல்லை நிற்கவில்லை என்றால் 1909 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.

ஏழாவதாக எஞ்சும் கல்லூரி உங்கள் கேள்விகளுக்கு என்ன சொன்னது என்று எனக்கு எழுதுங்கள். சேர்ந்தபின் செப்டம்பரிலும் ஒருமுறை எழுதுங்கள், அதற்குள் அவர்களிடமிருந்து எத்தனை போன் வந்தது என்று.

அன்புடன்,
பழைய கணக்கு வாத்தியார்