ஒரு வரிக் கட்டளை

2017ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் காலை. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் இயங்கும் அமேசான் நிறுவனத்தின் தரவுச் சேமிப்புச் சேவையில் ஒரு சிறு சிக்கல். கட்டணக் கணக்கைக் கவனிக்கும் பகுதி மெதுவாக இயங்கியது. அதைச் சரிசெய்ய முனைந்த ஊழியர் ஒருவர், சில சேவையகங்களை மட்டும் நிறுத்துவதற்காக ஒரு கட்டளையைத் தட்டினார். சேவையகம் என்பது மற்றக் கணினிகளுக்குத் தரவுகளை வழங்கும் கணினி. கட்டளையில் அவர் கொடுத்த விவரம் ஒன்று தவறிப்போனது. நிறுத்த நினைத்ததைவிட அதிகமான சேவையகங்கள் நின்றுவிட்டன.

அந்தச் சேமிப்பை நம்பியிருந்த பல இணையத்தளங்கள் முடங்கின. எல்லாம் வழக்க நிலைக்குத் திரும்ப நான்கு மணி நேரத்திற்கும் மேல் ஆயிற்று. நிலவரத்தை வாடிக்கையாளர்களுக்கு அறிவிக்க வேண்டிய பக்கத்தைக்கூட முதல் இரண்டு மணி நேரம் புதுப்பிக்க முடியவில்லை. அதுவும் அதே சேமிப்பைத்தான் நம்பியிருந்தது!

தவறாகத் தட்டியவர் ஊழியர்தான். ஆனால், அக்கட்டளையை மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்ட நிரலுக்கு அதில் பங்கில்லையா?

கட்டளை வரியில் இயங்கும் நிரல்களில் படங்களோ பொத்தான்களோ இல்லை. பயனர் தட்டச்சு செய்யும் ஒரு வரிதான் எல்லாம். விசைப்பலகையில் விரல் சற்று விலகினாலும் நிரல் அதை உத்தரவாகவே எடுத்துக்கொள்ளும்.

பள்ளி நூலகத்திற்காக மாணவர் ஒருவர் நிரல் எழுதுவதாகக் கொள்வோம். ‘நீக்கு 10’ என்று தட்டினால், பழைய நூல்கள் பத்தின் பதிவுகள் நீங்க வேண்டும். ஒருவர் பூச்சியத்துக்குப் பதிலாக ஆங்கில எழுத்தான ‘ஓ’வைத் தட்டிவிடுகிறார். வந்திருப்பது எண்தானா என்று நிரல் பார்த்தால், இந்தப் பிழை எளிதில் பிடிபடும். மற்றொருவர் ‘நீக்கு 1000’ என்கிறார். ஆயிரமும் எண்தான்; முதல் சோதனையில் தேறிவிடும். ஆனால், நூலகத்தில் இருப்பதே 1200 நூல்கள் என்றால்? வந்த எண் இந்த வேலைக்குப் பொருந்துமா என்று பார்ப்பதுதான் கடினமான சோதனை. நிரல் எழுதுவோர் மறந்துவிடக்கூடியதும் இதுவே. இச்சோதனைகள் எல்லாம் முதல் பதிவை நீக்குவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். ஐந்நூறு பதிவுகள் போன பிறகு தடுப்பது, வெள்ளம் வந்தபின் அணை போடுவது போலாகும்.

தடுத்தால் மட்டும் போதாது. ஏன் தடுத்தது என்றும் நிரல் சொல்ல வேண்டும். யூனிக்ஸ் இயங்குதளத்துக்காகக் கென் தாம்சன் எழுதிய ‘எட்’ என்னும் பழைய உரைத்தொகுப்பி, பெரும்பாலான தவறுகளுக்கு ‘?’ என்ற ஒரே குறியைத்தான் காட்டும். கட்டளை தவறா, தேடிய சொல் இல்லையா என்பதைப் பயனரே ஊகித்துக்கொள்ள வேண்டும். இன்று நிரலாளர்கள் பயன்படுத்தும் ‘கிட்’ என்னும் கருவியோ, கட்டளையின் எழுத்துகள் இடம்மாறிவிட்டால், அப்படி ஒரு கட்டளை இல்லை என்று தெரிவித்து, அதற்கு நெருங்கிய சரியான கட்டளையையும் காட்டுகிறது. நூலக நிரலும் ‘பிழை’ என்று மட்டும் சொல்லாமல், ‘1000 மிக அதிகம். ஒரு முறைக்கு 20 பதிவுகள் வரை நீக்கலாம்’ என்று சொன்னால், பயனர் அடுத்த வரியைத் தயக்கமின்றித் தட்டுவார்.

அமேசான் நிறுவனம் பின்னர்த் தன் கருவியை மாற்றியமைத்தது. அது இனிச் சேவையகங்களை மெதுவாகவே நிறுத்தும்; இருக்க வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கைக்குக் கீழே போகவிடாது. நடந்ததை விளக்கி நிறுவனம் வெளியிட்ட அறிக்கையில், கட்டளையைத் தட்டிய ஊழியரின் பெயர் இடம்பெறவில்லை.