முதல் வெப்சைட்டுக்கு என்னென்ன வேண்டும்? முழுமையான வழிகாட்டி

வெப் டெவலப்பர் ஆக என்ன படிக்கலாம் என்று தேடினால் ரியாக்ட், நோட், டெயில்விண்ட் என்று பெயர்களாக வந்து விழும். எல்லாவற்றையும் ஓரமாக வையுங்கள். முதல் பக்கத்துக்கு ஒரு எடிட்டரும் ஒரு பிரவுசரும் போதும்.

படி 1: எடிட்டர்

விஎஸ் கோடு இலவசம். வேர்டில் மட்டும் கோடு அடிக்காதீர்கள். நேரான மேற்கோள்குறியை அது வளைத்துவிடும், பிரவுசர் குழம்பும்.

படி 2: மூன்று மொழிகள்

எது தலைப்பு, எது பத்தி என்று சொல்வது எச்டிஎம்எல். நிறமும் அளவும் சிஎஸ்எஸ். பட்டனை அழுத்தினால் நடப்பது ஜாவாஸ்கிரிப்ட். 1995-இல் பிரெண்டன் ஐக் இதன் முதல் வடிவத்தைப் பத்தே நாளில் எழுதினார். பெயரைப் பார்த்து ஜாவா புத்தகம் வாங்கிவிடாதீர்கள். அது வேறு மொழி.

தமிழில் பக்கம் செய்தால், எழுத்துமுறை யூடிஎஃப்-8 என்ற வரியை எச்டிஎம்எல் கோப்பின் ஹெட் பகுதியில் மறக்காமல் போடுங்கள். பிரவுசர் வேறு முறையில் படித்தால், 'த' இருந்த இடத்தில் தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ-யும் வட்டத்துக்குள் ஆர் குறியும் வந்து நிற்கும்.

படி 3: எஃப்12

என்னைக் கேட்டால், பிரவுசரில் எஃப்12 விசை திறக்கும் கருவியைவிட நல்ல வாத்தியார் இல்லை. குரோமில் ஒரு செய்தித் தளத்தைத் திறந்து, தலைப்பின் மேல் ரைட் கிளிக் செய்து 'இன்ஸ்பெக்ட்' கொடுங்கள், அதே கருவி திறக்கும். அங்கே தெரியும் தலைப்பு வரியை டபுள் கிளிக் செய்து உங்கள் பெயரை அடியுங்கள். திரையில் மாறிவிடும்! மாறியது உங்கள் கணினியில் மட்டும்தான். ரிஃப்ரெஷ் செய்தால் பழையபடி ஆகிவிடும். (வாட்ஸ்அப்பில் சுற்றும் போலிச் செய்தி ஸ்கிரீன்ஷாட்டை இப்படியும் செய்துவிடலாம்.)

பக்கத்திலேயே, ஜாவாஸ்கிரிப்ட் வரிகளை அடித்துப் பார்க்கும் கன்சோல் இருக்கும். அதில் 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேளுங்கள். 5 என்று சொல்லும். நமக்கு மூன்று எழுத்து. ஜாவாஸ்கிரிப்டுக்கு த, ம, இகரக் குறி, ழ, புள்ளி எல்லாம் தனித்தனி. பெயர் இத்தனை எழுத்துக்குள் இருக்க வேண்டும் என்று படிவம் போடும்போது இது நினைவிருக்கட்டும்.

படி 4: கிட்

'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'நிஜ ஃபைனல்' என்று ஃபோல்டர் வைத்திருந்து, ஒருநாள் சரியானதையே அழித்தவன் நான். நீங்கள் பதியச் சொல்லும் ஒவ்வொரு மாற்றத்தையும் கிட் தேதியோடு வைத்திருக்கும். லினக்ஸ் கர்னலுக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் எழுதியது.

படி 5: ஊருக்குக் காட்டுவது

கிட்ஹப் பேஜஸ் என்ற சேவையில் பக்கத்தைக் காசில்லாமல் ஏற்றலாம். ஏற்றியதும் மொபைலில் திறந்து பாருங்கள். எழுத்தெல்லாம் எறும்பு அளவில் இருக்கிறதா? ஹெட் பகுதியில், பக்கத்தைத் திரை அகலத்துக்குப் பொருத்தும் வியூபோர்ட் வரி விட்டுப்போயிருக்கும். எஃப்12-இல் ஃபோன் படம் போட்ட பட்டனை அழுத்தியிருந்தால் ஏற்றுவதற்கு முன்பே பிடித்திருக்கலாம்.