விரல் அவசரப்படாது

தம்பிக்கு,

நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். ஒரே வருடத்தில் சுவரில் இப்படி ஏறுகிறாய், சந்தோஷம். ஆனால் என் கண் உன் வலது கையை விட்டு நகரவில்லை. அந்தச் சின்னப் பிடியில் நடுமூட்டுகளைச் செங்குத்தாக மடக்கி, மேலே கட்டைவிரலைப் பூட்டிக்கொள்கிறாயே, அதுதான் ஃபுல் கிரிம்ப். உனக்கு வயது பதினைந்துதான்.

விரலை மடக்கும் தசை விரலில் இல்லை, முன்கையில் இருக்கிறது. அங்கிருந்து நாண்கள் விரல்வரை ஓடுகின்றன. பேண்ட்டில் பெல்ட்டைப் பிடித்துவைக்கும் பட்டிகளைப் போல, சின்ன வளையங்கள் அந்த நாணை எலும்போடு ஒட்டிவைத்திருக்கின்றன. கிரிம்ப் பிடியில் நாண் விலகத் திமிறும். விரலின் அடிப்பகுதியில் உள்ள ஏ2 வளையம் பெரும் பாரத்தை வாங்கும். என் மோதிரவிரலில் அது அறுந்தபோது எழுந்த 'பட்' சத்தம், கீழே கயிறு பிடித்திருந்தவனுக்கே கேட்டது. மூன்று மாதம் ஸ்பூனால்தான் சோறு.

தசை சில வாரங்களிலேயே பலப்படும். நாணுக்கும் வளையத்துக்கும் மாதங்கள், வருடங்கள் ஆகும். இந்த இடைவெளியில்தான் கெட்டிக்காரப் பையன்கள் மாட்டிக்கொள்கிறார்கள். உன் வயதில் இன்னொரு சங்கடம்: எலும்பு வளர்கிற குருத்துத் தட்டு இன்னும் மூடியிருக்காது. ஓயாமல் கிரிம்ப் பிடித்தால், கால் வைக்காமல் கையால் மட்டுமே ஏறும் கேம்பஸ் போர்டில் தொங்கினால், நடுமூட்டருகே அந்தத் தட்டு விரிசல் விடலாம். விழ வேண்டாம், அடிபட வேண்டாம். வலி மட்டும் மெல்ல வந்து உட்காரும். கேம்பஸ் போர்டு 18 வயதுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கயிறு கட்டி உயரம் ஏறும் லீட் போட்டியின் ஆறு நிமிடத்தில் முன்கை கல்லாகிறது என்றாயே, இறுகிய தசை தன் ரத்தக்குழாயையே நெரிப்பதால் வருவது அது. கையைத் தொங்கவிட்டு உதறும் இரண்டு நொடியில்தான் ரத்தம் உள்ளே பாயும். நல்ல பிடி கிடைத்த இடத்திலெல்லாம் உதறு.

எடையைக் குறைத்தால் இன்னும் ஏறலாமா என்று கேட்டிருந்தாய். கொஞ்ச நாள் ஏறலாம், அதுதான் அதிலுள்ள விஷம். பட்டினி உடம்பில் எலும்பு மெலியும், ஹார்மோன் குலையும், காயம் ஆறாது. டோக்கியோ, பாரிஸ் இரண்டு ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்ற ஸ்லோவேனியாவின் யான்யா கார்ன்பிரெட், இந்த விளையாட்டில் சாப்பாட்டைக் குறைக்கும் பழக்கத்தைப் பற்றி வெளிப்படையாகவே பேசினார். இதே பிரச்சினையில் 2023-இல் மருத்துவர் வோல்கர் ஷோஃப்ல் இந்த விளையாட்டின் பன்னாட்டுச் சம்மேளனத்தின் மருத்துவக் குழுவை விட்டே விலகினார். நீ இரண்டு இட்லி கூடவே சாப்பிடு.

இப்போது நடுவிரலின் நடுமூட்டை இரண்டு பக்கமும் அழுத்திப் பார். வலித்தால் ஞாயிற்றுக்கிழமை போட்டிக்குப் போகாதே, எனக்குப் போன் பண்ணு.

அண்ணன்